வேட்டி இடுப்பில் துப்பாக்கி நிற்காது

வேட்டி கட்டுகிறவர் கைத்துப்பாக்கியை உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது? உரிமம் கைக்கு வந்ததும் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். எந்த ரிவால்வர் நல்லது, என்ன விலை, எந்த டீலரிடம் வாங்கலாம் என்று விசாரிப்பவர்கள் நிறைய உண்டு. வாங்கியதை வாசல்படி தாண்டி எப்படிக் கொண்டுபோவது, எப்படித் திரும்பக் கொண்டுவந்து பூட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. அசம்பாவிதம் நடப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

எனக்குக் காரைக்குடியில் நகை அடகுக்கடை. புதுவயலில் ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே வருகிற நகைகளை அவ்வப்போது கண்டனூர் வழியாகக் காரைக்குடிப் பெட்டகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரிசி ஆலை லாரிகள் போய்வருகிற சாலைதான், ஆனால் இருட்டிவிட்டால் சில இடங்களில் ஆள் அரவமே இருக்காது. ஒருமுறை மிரட்டல் வந்தது. போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலை இணைத்து, சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். விசாரணையெல்லாம் முடிந்து உரிமம் வந்தது. அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் ஒன்றை வாங்கினேன்.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன, அவற்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நகையை வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கத்தை அடியோடு நிறுத்தினேன். கொண்டுவருகிற நாளும் நேரமும் ஒரே மாதிரி இல்லாதபடி மாற்றினேன். தனியே போவதை விட்டேன். இரண்டு கடைகளிலும் கேமரா வைத்தேன். இவற்றையெல்லாம் செய்தபிறகு துப்பாக்கிக்கு மிச்சம் இருந்த வேலை மிகச் சிறியது. அந்தச் சிறிய வேலைக்கு மட்டும்தான் அதை எடுக்கிறேன். நகை கைமாறும் நாளில் இடுப்பில் இருக்கும், மற்ற நாளெல்லாம் பெட்டியில் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ‘எப்படி எடுத்துப்போகலாம்’ என்ற கேள்விக்குப் பாதி விடையை அதுவே தந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 32-ஆவது விதியைப் படியுங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் அதற்கென்று செய்த உறையில், தன் உடம்போடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆயுதம் வெளியே தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும். அது எப்போதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவது, வானத்தைப் பார்த்துச் சுடுவது எல்லாம் உரிமத்தைப் பறிகொடுக்கும் வேலை. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இதைப் படித்த உடனேயே வண்டியின் டிக்கி, காரின் டேஷ்போர்டு, கடைக் கல்லாப்பெட்டி எல்லாம் என் கணக்கிலிருந்து போய்விட்டன. வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் துப்பாக்கி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? பைக்குள் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். வழிமறிப்பவன் முதலில் பிடுங்குவது பையைத்தான். நகையோடு ஆயுதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஆக, உடம்பில்தான் வைக்க வேண்டும். உடம்பில் எந்த இடம் என்பதை முடிவுசெய்ய எனக்கு உதவியவர் ராணுவத்தில் ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சுபேதார். தேவகோட்டைக்காரர். நான் அவரிடம், “அண்ணே, எந்த இடத்தில வச்சா சீக்கிரமா எடுக்கலாம்?” என்றுதான் ஆரம்பித்தேன்.

“தம்பி, அதை அப்புறம் பாப்போம். நீங்க கடையில எப்படி உக்காருவீங்க?”

“திண்டு போட்டு, சம்மணம் போட்டுத்தான் அண்ணே.”

“இப்ப உக்காந்து காட்டுங்க.”

துப்பாக்கியை எடுக்கவே இல்லை. காலி உறையை மட்டும் என் பெல்ட்டில் மாட்டச் சொன்னார். விளக்குமாற்றிலிருந்து ஒரு நீள ஈர்க்கை உருவி, உறையின் அடித்துளை வழியாக ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சொருகினார். குழல் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையைத்தான் ஈர்க்கும் பார்க்கும். உறையை வயிற்றுக்கு முன்பக்கம் மாட்டிக்கொண்டு சம்மணம் போட்டேன். ஈர்க்கு நேராகத் தொடையின் உட்பக்கத்தில் குத்தியது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் ஓடுகிற இடம் அது. அங்கே ஒரு தோட்டா பாய்ந்தால் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். நாற்காலியிலேயே வேலை செய்கிறவர்கள் முன்பக்கம் வைத்துக்கொள்வது வெளிநாடுகளில் சகஜம். பந்தியிலும் திண்டிலும் தரையில் உட்கார்ந்து எழுகிற நமக்கு அது சரிப்படாது.

அடுத்து முதுகுத்தண்டுக்கு நேர் பின்னால் மாட்டிப் பார்த்தோம். சட்டைக்குள் நன்றாக மறைகிறது. ஆனால் டூவீலரில் போகிறவன் மல்லாக்க விழுந்தால் இரும்பு முதுகெலும்பில்தான் இறங்கும். கூட்டத்தில் பின்னால் நிற்பவன் கை வைத்தாலும் நமக்குத் தெரியாது. கணுக்காலில் கட்டினால் குனிந்து எடுக்க வேண்டும், அதற்கு ஏற்ற பேண்டும் வேண்டும். தோளில் மாட்டுகிற உறைக்கு மேலே கோட்டு வேண்டும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், மறைப்பதற்காகப் போட்டதே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் நின்றது வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால். கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்களே, தொப்புள் 12 என்றால் இது 4 மணிக்குப் பக்கம். அங்கே மாட்டிச் சம்மணம் போட்டபோது ஈர்க்கு எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தது. குனிந்தபோதும், வண்டியில் ஏறியபோதும், மச்சுப்படி ஏறியபோதும் என் உடம்பை அது பார்க்கவில்லை. கூட்டத்தில் நடக்கும்போது வலது முழங்கையை லேசாக உள்ளே வைத்தால் உறை மூடிக்கொள்கிறது. இடது கைக்காரர்களுக்கு இதே கணக்கு இடது பக்கம். உங்கள் உடம்பு வேறு, உங்கள் நாள் வேறு. அதனால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு ஈர்க்கை எடுத்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

இப்போது வேட்டிக்கு வருகிறேன். நம் ஊரில் வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுகிறோம், அதில் பணம் வைக்க அறையும் இருக்கிறது. அந்த அறையில் துப்பாக்கியைச் சொருகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அறை மெல்லியது, சுடுவதற்கு விரலால் இழுக்கிற விசையை மூடாது. நடக்கும்போது சாவியோ சில்லறையோ விசையைச் சுற்றியிருக்கிற வளையமான விசைக்காப்புக்குள் நுழையலாம். ரிவால்வர் தோட்டாவோடு ஏறக்குறைய முக்கால் கிலோ வரும். அந்த எடைக்குப் பெல்ட் ஒரு பக்கமாகத் தொங்கி, வேட்டியும் சேர்ந்து இறங்கும். வேட்டி கட்டுகிறவன் கை ஒரு நாளில் எத்தனை முறை இடுப்புக்குப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். அவிழ்த்துக் கட்டுகிறோம், மடித்துக் கட்டுகிறோம், காற்றில் பறந்தால் பிடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் கை ஆயுதத்தைத் தொடும். அதனால் துப்பாக்கி எடுக்கிற நாளில் நான் பேண்ட் போடுகிறேன். இரண்டு தோல் வைத்துத் தைத்த கெட்டியான பெல்ட், மேலே கொஞ்சம் தளர்ந்த, அடர்ந்த நிறச் சட்டை. வெள்ளை அரைக்கைச் சட்டையில் வியர்த்தால் உறையின் அச்சு அப்படியே தெரியும். வேட்டி கட்டுகிற நாளில் துப்பாக்கி கிடையாது. இந்த ஒரு விதியே எனக்குப் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. பேண்ட் மாட்டும்போதே மனசு அன்றைக்கான எச்சரிக்கைக்கு வந்துவிடுகிறது.

உறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் துப்பாக்கிக்குச் செலவு செய்துவிட்டு உறையில் மிச்சம் பிடிக்கிறார்கள். நல்ல உறைக்கு நான் பார்ப்பது நான்கு. விசையும் விசைக்காப்பும் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி தானாக வெளியே வரக் கூடாது. துப்பாக்கியை எடுத்தபிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும், மடங்கக் கூடாது. பெல்ட்டோடு அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சுபேதார் ஒரு பழைய தோல் உறையைக் கொண்டுவந்து காட்டினார். பல வருடம் வியர்வையில் ஊறி, தோல் துணி மாதிரி தொய்ந்திருந்தது. காலியான ரிவால்வரை அதற்குள் மெதுவாக இறக்கினார். வாயோரத் தோல் உள்பக்கமாக மடிந்து விசைக்காப்புக்குள் நுழைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கிற பின்பக்கச் சுத்தியல் எழும்ப ஆரம்பித்தது. விரல் விசைக்குப் பக்கத்திலேயே இல்லை, தோல்தான் விசையை இழுத்தது. அதைக் கண்ணால் பார்த்தபிறகு உள்ளூரில் மெல்லிய தோலில் உறை தைத்துக்கொள்ளும் எண்ணத்தை விட்டேன். பெல்ட்டை இங்கேயே தைத்துக்கொண்டேன். உறையைக் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வாங்கினேன். வியர்வையை அது உறிஞ்சாது, வடிவம் மாறாது. நல்ல தடித்த தோல் உறையும் சரிதான், தொய்ந்த அன்றைக்கே மாற்றிவிடும் மனசு இருந்தால்.

உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும்தான் விபத்து நடக்கிற நேரம். ஆகவே மாட்டும்போதும் கழற்றும்போதும் துப்பாக்கியைத் தனியாக எடுப்பதில்லை. உறைக்குள் இருக்கும்போதே உறையோடு சேர்த்துப் பெல்ட்டில் மாட்டுகிறேன், உறையோடு சேர்த்தே கழற்றுகிறேன். தோட்டா போடுவதும் எடுப்பதும் ஒரே இடத்தில். வீட்டின் உள்முற்றமான வளவை ஒட்டிய ஓர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மணல் நிரப்பிய இரும்பு வாளிக்கு நேராகக் குழலை வைத்துச் செய்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தோட்டா பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குத்தான் மணல். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுப்பதில்லை. யாராவது கூப்பிட்டால் முடித்துவிட்டுத்தான் பதில்.

பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டா அடுக்கிய மேகஸினைக் கழற்றிவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குழலின் பின்முனையில் இருக்கிற சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். மேகஸினை எடுத்து, மேலே நகர்கிற ஸ்லைடை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். ரிவால்வரில் திறந்தால் ஆறு குழியும் தெரிந்துவிடும். என் வயசுக்கும் என் பழக்கத்துக்கும் ரிவால்வரைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம்.

உறை வந்ததும் தோட்டா போட்டு வெளியே கிளம்பிவிடக் கூடாது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, காலி ரிவால்வரை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பல நாள் இருந்தேன். இரும்புப் பெட்டியின் அடித்தட்டைத் திறக்கக் குனிந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது: பேரன் ஓடிவந்து “ஐயா” என்று கட்டிக்கொள்கிற உயரம் சரியாக என் இடுப்பு உயரம். அவன் கை எங்கே படுகிறது என்று பார்த்தபிறகு, ஆயுதத்தோடு வீட்டுக்குள் நடமாடுவதை நிறுத்திவிட்டேன். முகப்பில் நுழைந்ததும் நேராக அந்த அறைக்குப் போய்க் கழற்றிப் பூட்டிவிட்டுத்தான் மற்றவர்களோடு பேச்சு. வீட்டில் ஆச்சிக்கும் இது தெரியும், நான் அறையை விட்டு வருகிறவரை பிள்ளையைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்வார்.

கழிவறை பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். பேண்டைத் தளர்த்தினால் பெல்ட் சாய்ந்து துப்பாக்கி நழுவும். அதை எடுத்து ஜன்னல் திண்டிலோ தண்ணீர்த் தொட்டி மேலோ வைத்தால் மறந்துவிட்டு வந்துவிடுவோம். உறையை விட்டு எடுக்காமல், பெல்ட் கொக்கியை முழங்கால் உயரத்தில் திரும்ப மாட்டி வைத்துக்கொள்வதுதான் வழி. இதில் இன்னொன்றும் அடக்கம்: துப்பாக்கி கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் பாயக் கூடாது. கீழே விழட்டும். விழுகிற துப்பாக்கியை எட்டிப் பிடிக்கிற கை நேராக விசையைத்தான் பிடிக்கும். பழைய மாடல்களில் சுத்தியல் அடிபட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. அப்படிப்பட்டது கையில் இருந்தால் சுத்தியலுக்கு நேரான குழியைக் காலியாக விட்டுக் கொண்டுபோவதுதான் பழைய ஆட்களின் வழக்கம்.

வியர்வை இங்கே பெரிய எதிரி. ஒரு மத்தியானம் இடுப்பில் இருந்தாலே உப்பு படிந்துவிடும், கவனிக்காமல் விட்டால் பிடியை ஒட்டிய இடத்தில் துரு பூக்கும். அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவிவிடுவேன். தோட்டாவில் எண்ணெய் படக் கூடாது, மருந்து கெட்டுவிடும். தோல் உறைக்குள் வைத்தே பூட்டி வைப்பதும் தவறு, தோலில் இறங்கிய ஈரம் இரும்பைத் தின்றுவிடும்.

பூட்டி வைப்பதற்குப் பாட்டன் காலத்து இரும்புப் பெட்டி போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெட்டியின் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று வீட்டுக்கு வருகிற சமையல்காரர் முதல் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வரை தெரியும். சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய சிறிய ஸ்டீல் லாக்கர் ஒன்றைத் தனியாக வைத்தேன். சாவி என் உடம்பை விட்டுப் போவதில்லை. தோட்டாக்கள் வேறு பூட்டில்.

கொண்டுபோகக் கூடாத இடங்களை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கூடாது. சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிற இடத்தில் அதற்கு வேலையே இல்லை. கல்யாண வீடு, குன்றக்குடிப் பூசக் கூட்டம், சிராவயல் மஞ்சுவிரட்டு, வங்கி, நீதிமன்றம், மருத்துவமனை எதற்கும் கூடாது. ஒரு வாய் மது குடிப்பதாக இருந்தாலும் கூடாது. பாதி வழியில் இப்படி ஓர் இடத்துக்குப் போகும்படி வேலை வந்தால், வீட்டுக்குத் திரும்பிப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

வாகனச் சோதனையில் நிறுத்தினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நான் இறங்காமல் இரண்டு கையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, “ஐயா, என்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. வலது இடுப்பில உறையில இருக்கு. லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு. எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க” என்பேன். அவர்கள் சொன்ன பிறகுதான் கை அசையும். நாமாக எடுத்துக் கொடுக்க முயலக் கூடாது. அசல் உரிமம் கையில் இருக்க வேண்டும், அது எந்த எல்லை வரை செல்லும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

சுடுவதைப் பற்றி நான் குறைவாகவே எழுதுகிறேன். அதை எழுத்தில் கற்க முடியாது. உரிமத்துக்கே பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதோடு நிறுத்தாமல் மதுரையிலோ திருச்சியிலோ ரைபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்றுநர் முன்னிலையில் பழகுங்கள். தோப்பிலும் கண்மாயிலும் போய்ச் சுட்டுப் பழகுவது குற்றம்.

சட்டத்தில் தற்காப்பு உரிமை இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அதனால் எனக்கும் என்னோடு வருகிற கடைப் பையனுக்கும் இடையில் ஓர் ஏற்பாடு: நகைப்பை என் இடது தோளில். யாராவது மறித்துக் கேட்டால் பையைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போவோம், 112-க்கு அழைப்போம். நகைக்குக் காப்பீடு இருக்கிறது. உயிருக்கு வேறு வழியே இல்லாத நொடிக்கு மட்டும்தான் இடுப்பில் இருப்பது.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கும் ஒப்படைத்தேன். தோட்டா நீக்கி, எண்ணெய் சற்றுத் தாராளமாகத் தடவி, துப்பாக்கியின் வரிசை எண்ணைக் குறித்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் குழலை வெளிச்சத்தில் பார்த்துச் சுத்தம் செய்த பிறகே தோட்டா. அந்த வாரங்களில் நகையை எப்படிக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே திட்டம் போட வேண்டியிருந்தது. பகலில், காரில், மூன்று பேராகப் போய்வந்தோம். அதுவே நன்றாக இருந்ததால், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம், துப்பாக்கி எடுக்கிற நாட்களும் குறைந்துவிட்டன.

உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் கண் டாக்டரிடம் காட்டி, கை நடுக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளப் போகிறேன். உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 ஆண்டு கையில் இருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. சென்னையில் இருக்கிற மகனிடம் கேட்டேன், “வேண்டாம் அப்பச்சி” என்றுவிட்டான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. புதுப்பிக்க முடியாத நிலை வந்தால், முறையாக அனுமதி வாங்கி, வாங்கிய டீலரிடமே விற்றுவிடுவதாக இருக்கிறேன்.